மனச்சான்றுக்கு ஒவ்வா ஒப்பந்தம்

ஒப்பந்தச் சட்டத்தில் வழங்கும் 'அன்கான்ஷனபிலிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று தமிழாக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவது எளிது. ஆயின் அம்மொழிபெயர்ப்பு பொருந்தாது, பொருளையே திரித்துவிடும். நியாயமற்றது என்றவுடன் நம் கண் விலையின்மேல் விழுகிறது. கொடுத்தது எவ்வளவு, பெற்றது எவ்வளவு என எண்ணத் தொடங்குகிறோம். ஆங்கிலச் சொல்லோ மனச்சான்றைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. எளியவன் நிலையை அறிந்திருந்தும் அவன் கையெழுத்தை வாங்கினாயா என்று வலியவனை நோக்கிக் கேட்பது அது.

விலைக்குறைவை மட்டும் கொண்டு சட்டம் ஒப்பந்தத்தைத் தள்ளுவதில்லை. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்துக்கு முன்மாதிரியாய் அமைந்தது 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டம். ஆயிரம் ரூபாய் பெறும் குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்க ஒருவன் மனமார இசைந்தானாயின் அவ்வொப்பந்தம் செல்லும் என்பது அச்சட்டம் தரும் எடுத்துக்காட்டு. அடுத்ததிலும் அதே குதிரை, அதே பத்து ரூபாய். ஆனால் விற்றவன் தான் மனமார இசையவில்லை என்கிறான். அப்போதுகூட விலைக்குறைவு முடிவாகாது. இசைவின் தன்மையை ஆராய உதவும் ஒரு சான்றாகவே அது கொள்ளப்படும்.

கையெழுத்தையோ சட்டம் மிகப் பெரிதாக மதிக்கும். வேல்ஸில் சிகரெட்டு விற்கும் பொறி ஒன்றை வாங்கிய சிற்றுண்டிக் கடைக்காரப் பெண்மணி, அது சரிவர இயங்காமை கண்டு வழக்காடினார். பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த விதிகளை அவர் படிக்கவில்லை. கையெழுத்திட்டவர் அதற்குக் கட்டுப்பட்டவரே என்று 1934இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. படிக்க வல்லவர்க்கே இக்கதி என்றால், படிக்க இயலாதவர் நிலை என்ன?

அவ்வினாவுக்கு விடை 1983இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்த்த அமாடியோ வழக்கில் இருக்கிறது. அமாடியோ தம்பதியர் இத்தாலியிலிருந்து குடியேறியவர். எழுபது வயதைக் கடந்தவர். ஆங்கிலம் படித்தறியும் ஆற்றல் குறைந்தவர். அவர்கள் மகன் கட்டடத் தொழில் நடத்தினான். அவன் கம்பெனியின் கடனுக்காக, அடிலெய்டு நகரிலிருந்த தங்கள் கட்டடத்தை ஈடு காட்டும் பத்திரத்தில் 1977இல் இருவரும் கையெழுத்திட்டனர். பாங்கு மானேஜரே பத்திரத்தை வீடு தேடிக் கொண்டுவந்தார். தங்கள் பொறுப்பு 50,000 வெள்ளிக்கு மேற்படாது என்று அவர்கள் நம்பியிருந்தனர். பத்திரத்திலோ அப்படி ஒரு வரம்பே இல்லை.

மகனின் கம்பெனி நொடிந்துகொண்டிருந்தது பாங்குக்குத் தெரியும். சில காசோலைகளை ஏற்றும் சிலவற்றைத் திருப்பியும், அக்கம்பெனி செழிப்பாய் இருப்பதுபோன்ற தோற்றத்தைக் காத்துவர அதுவும் துணைநின்றது. பெற்றோர்க்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. தனியே ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள் என்று அவர்களுக்குச் சொல்வாரும் இல்லை.

நீதிபதிகள் மேசன், டீன் ஆகியோர் தீர்ப்பின் சிறப்பு இங்குதான் உள்ளது. மானேஜர் பொய் சொன்னார் என்றோ, அச்சுறுத்தினார் என்றோ மெய்ப்பிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. இம்முதியோர் தம் நலத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாத நிலையில் இருந்தனரா? அந்நிலை பாங்குக்குப் புலப்படும்படி இருந்ததா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று விடை வந்தபின், பேரம் நேர்மையானதே என்று காட்டும் சுமை பாங்கின் தோளில் ஏறிற்று. பாங்கினால் அதைச் சுமக்க முடியவில்லை, பத்திரம் தள்ளப்பட்டது. நீதிபதி டாசன் ஒருவரே இதற்கு இணங்காதவர்.

இங்கிலாந்தில் டென்னிங் பிரபு, பண்டி என்னும் முதிய விவசாயியின் வழக்கில், 1974இல் வேறு வழியை நாடினார். பேரம் பேசும் வலிமையில் உள்ள ஏற்றத்தாழ்வே பல பழைய விதிகளுக்கும் பொதுவான அடிப்படை என்றார். கேட்பதற்கு இனிய கொள்கை. பாட்டாளி மக்களுக்கு இன்னும் இனியது. ஆயினும் முதலாளிக்கும் வேலையாளுக்கும், கடைக்காரனுக்கும் கைப்பொருளற்றவனுக்கும் இடையே ஏற்றத்தாழ்வு இல்லாத நாள் எது? வேற்றுமை இருப்பது ஒன்று. அதனை அறிந்து பயன்கொள்வது வேறொன்று. முன்னதை மட்டும் அளவுகோலாக்கினால் வழக்கு மன்றம் ஒவ்வொரு சந்தைப் பேரத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டிவரும். 1985இல் பிரபுக்கள் சபையில் ஸ்கார்மன் பிரபு இத்தகைய பொதுக் கொள்கை தேவைதானா என்று ஐயுற்றதில் வியப்பில்லை. மலேசிய மேல்முறையீட்டு நீதிமன்றமோ 2001இல், சாட் மார்வி வழக்கில், விரிந்த அக்கொள்கையையே வரவேற்றது. நோக்கம் போற்றத்தக்கது, அளவுகோல்தான் தளர்ந்தது.

சிங்கப்பூர் 2018இல் இதற்கு நேர்மாறாக ஒடுங்கிய வழியைத் தேர்ந்தது. தாயை இழந்த துயரில், சில நாட்களுக்குள், ஒருவர் தம் சொத்து முழுவதையும் அறக்கட்டளைப் பத்திரத்துக்கு உட்படுத்திக் கையெழுத்திட்டார். கையெழுத்தைப் பெற்ற மனைவி சட்டம் பயின்றவர். மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்பத்திரத்தைத் தள்ளிற்று. எளியவன் என்றால் ஏழை என்று மட்டும் பொருள்கொள்ளுதல் தவறு என்பதற்கு இவ்வழக்கே போதும். துயரம் அறிவுடையவரையும் எளியராக்கும். ஆனால் தம் குறைபாடு மிகக் கடுமையானது என்பதையும், மற்றவர் அதனைப் பயன்படுத்திக்கொண்டார் என்பதையும் எளியவரே முதலில் நிறுவவேண்டும் என்று அந்நீதிமன்றம் வகுத்தது. கையெழுத்துப் போடும் நாளில் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவர், எதிரியின் உள்ளத்தில் இருந்ததைப் பின்னொரு நாள் மன்றத்தில் நிறுவுவது எளிதன்று. இவ்வகையில் ஆஸ்திரேலியத் தீர்ப்பே மேலானது.

இந்தியச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள் அருகருகே நிற்கின்றன. ஊர் வட்டிக்கடைக்காரனிடம் ஏற்கெனவே கடன்பட்ட ஒருவன், மனச்சான்றுக்கு ஒவ்வாத விதிகளின்மேல் அவனிடமே மீண்டும் கடன் வாங்குகிறான். தகாத செல்வாக்கு இல்லை என்று நிறுவும் பொறுப்பு வட்டிக்காரனுக்கு. பணம் அருகிய காலத்தில் பாங்குக்காரனிடம் வேறொருவன் வழக்கத்தை மீறிய வட்டிக்கு வாங்குகிறான். அது வாணிபத்தின் இயல்பான நடைமுறை, ஒப்பந்தம் நிற்கும். இரண்டாம் கடனாளியும் உயர்ந்த வட்டிதான் கட்டுகிறான். அவன் மேல் பாங்குக்காரனுக்குப் பிடி இல்லை. சந்தைதான் வட்டியை உயர்த்திற்று. முதல் கடனாளியின் குடுமியோ பழைய கடனால் முன்னமே வட்டிக்காரன் கையில் இருக்கிறது. அது அவனுக்குத் தெரியும்.