திருவிழாவும் அன்றாடமும்: இந்தியாவில் நெடுநாள் தங்கி எழுதியோரின் நூல்களை முன்வைத்து

முன்னுரை

இந்துத் திருவிழாக்களைக் குறித்து அயலார் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் எண்ணிக்கையில் மிகுதியானவை. அவற்றுள் பல சில நாள் தங்கலின் விளைவுகள். தேரையும் கூட்டத்தையும் கண்ட வியப்பு அவற்றில் உண்டு. தேர் நிலைக்கு வந்த பின்னர் அத்தெருவில் என்ன நிகழ்ந்தது என்னும் செய்தி இல்லை. ஓராண்டும் அதற்கு மேலும் இந்தியாவில் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களிடையே வாழ்ந்து எழுதியோரின் ஆக்கங்கள் இவற்றினின்றும் வேறுபட்டவை. இந்தியப் பண்பாட்டையும் இந்து சமயத்தையும் பாடமாகக் கற்பிக்கும் நமக்கு இவை தவிர்க்கவியலாத துணைநூல்கள். ஆகவே இவற்றை மதிப்பிடுதற்கு ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது.

நெடுநாள் தங்கியதால் ஆய்வாளருக்குக் கிட்டும் பயன் யாது? பல விழாக்களைக் காணும் வாய்ப்பு என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. அவ்விடை போதாது என்பது நம் கருத்து. விழாவல்லாத நாள்களை அறிவதும், அவ்வறிவோடு அதே விழாவை மீண்டும் காண்பதுமே நெடுந்தங்கலின் உண்மைப் பயனாகும். அன்றாடத்தைக் கொண்டு விழாவை விளக்கும் நூல் நிற்கும். விழாவை மட்டும் கொண்டு ஒரு மக்களை விளக்க முற்படும் நூல் குறையுடையதாகவே அமையும். இக்கருத்தை வடக்கிலும் தெற்கிலும் தங்கி எழுதியோரின் நூல்கள் சிலவற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

நித்தியமும் நைமித்திகமும்

இவ்வளவுகோல் மேலைக் கோட்பாடு ஒன்றிலிருந்து பெறப்பட்டதன்று. கோயில் வழிபாட்டை நித்தியம், நைமித்திகம், காமியம் எனப் பகுத்துரைப்பது ஆகம மரபு. நாள்தோறும் தவறாது நிகழ்வது நித்தியம். குறித்த காலத்தை ஏதுவாகக் கொண்டு நிகழ்வது நைமித்திகம். வேண்டுதல் கருதிச் செய்யப்படுவது காமியம். பெருந்திருவிழா நைமித்திகத்தின்பாற்படும். கொடியேறிய பின்னர் உற்சவத் திருமேனி வீதியுலா வருங்காலத்தும் மூலவர்க்குரிய காலபூசை நிற்பதில்லை. நாள்வழிபாட்டில் நேர்ந்த குறைகளை விழா நிறைவு செய்யும் என்றும் கூறுவர். ஆக, விழாவானது அன்றாடத்தை விலக்கி நிற்பதன்று. அதன்மேல் எழுந்து நிற்பது.

இல்லத்திற்கும் இது பொருந்தும். வைகறையில் வாசல் தெளித்துக் கோலமிடுவது நாள்தோறும் நிகழ்வது. மார்கழியில் அது விரிகிறது. பொங்கலன்று மேலும் பெருகுகிறது. மார்கழிக் கோலத்தை மட்டும் கண்டவர் அதனை ஓர் அலங்காரக் கலை எனக் கொள்வர். ஐப்பசி மழையிலும், நனைந்து அழியும் என்று அறிந்தே, சில புள்ளிகளை வைத்து ஒரு சிறு கோலம் இடப்படுவதைக் கண்டவர்க்கே அதன் கடமைத்தன்மை புலப்படும். பெரிய கோலத்தின் பொருளைச் சிறிய கோலமே உணர்த்துகிறது.

இரண்டாம் ஆண்டின் ஹோலி

அமெரிக்க மானிடவியலாளர் மெக்கிம் மேரியட் ஹோலி விழாவைப் பற்றி எழுதிய கட்டுரை, கிருஷ்ண வழிபாடு குறித்து மில்டன் சிங்கர் பதிப்பித்த தொகுப்பில் 1966-இல் வெளிவந்தது. 'அன்பின் விருந்து' என்பது அதன் தலைப்பின் பொருள். கிஷன் கடி எனப் பெயர் மாற்றிக் கூறப்படும் மேற்கு உத்தரப் பிரதேசச் சிற்றூர் ஒன்றில் 1951-இலும் அடுத்த ஆண்டிலும் அவர் ஹோலியைக் கண்டார்.

முதலாண்டில் அவர் புதியவர். சேறும் சாணமும் வண்ணநீரும் வீசப்பட்டன. பெண்கள் கழிகளைக் கொண்டு ஆண்களைத் துரத்தி அடித்தனர். போதை தரும் பானமொன்று அவர்க்கும் அளிக்கப்பட்டது. அன்பின் விழா என்று ஊரார் கூறியதற்கும் அவர் கண்ட களேபரத்திற்கும் தொடர்பு இருப்பதாகத் தோன்றவில்லை. அடுத்த ஹோலி வருவதற்குள் அவ்வூரின் உறவுமுறை, சாதியமைப்பு, தொழிலுறவு, ஏனைய விழாக்கள் ஆகியவற்றை அவர் முறையாக ஆராய்ந்திருந்தார். இரண்டாமாண்டில் கண்முன் நிகழ்ந்தது பெரிதும் முதலாண்டில் நிகழ்ந்ததே. ஆயினும் இப்போது ஆள்கள் தெரிந்தனர். அடிபட்ட கால்கள் செல்வமுடைய பிராமண, ஜாட் உழவர்களுடையவை. அடித்த பெண்கள் அவர்களிடம் கூலிவேலையும் பணிவிடையும் செய்தோரின் மனைவியர். ஊர்ப் பெரியவர்களைத் துரத்திச் சென்றவள் அவர்களின் கழிவறையைத் தூய்மை செய்யும் பெண். ஆண்டு முழுவதும் நிலவும் மேல்கீழ் உறவு அன்று தலைகீழாகிறது என்னும் முடிவு இதனாலேயே அவர்க்கு வாய்த்தது.

கண்ட காட்சி ஒன்றே. இடையில் கழிந்த ஓராண்டின் அன்றாடமே அதற்குப் பொருள் தந்தது. நெடுந்தங்கலின் பயனை இத்துணைத் தெளிவாகக் காட்டும் கட்டுரைகள் மிகச் சிலவே. எனினும் ஒரு குறையையும் சுட்டுதல் வேண்டும். தலைகீழாதல் ஊரின் ஒழுங்கைப் புதுப்பிக்கிறது என்னும் நிறைவோடு கட்டுரை முடிகிறது. மறுநாள் காலையில் அதே வீட்டின் கழிவறைக்குத் திரும்பிய அப்பெண் முந்தைய நாளை எவ்வாறு எண்ணினாள் என்பது அங்கு மையமாகவில்லை. அன்றாடத்தின் துணையால் விழாவை அறிந்தவர், விழாவினின்று மீண்டும் அன்றாடத்திற்கு வந்திருப்பின் கட்டுரை முழுமை பெற்றிருக்கும்.

ஒரு நகரம், இரு நூல்கள்

காசியைப் பற்றிய இரு நூல்களை ஒப்புநோக்குதல் இவ்விடத்துப் பயனுடையது. 1965-இல் மாணவியாகக் காசிக்குச் சென்ற டயானா எக், 1982-இல் 'பனாரஸ்: ஒளியின் நகரம்' என்று பொருள்படும் நூலை வெளியிட்டார். கந்த புராணத்தின் பகுதியாகிய காசி காண்டத்தையும் நகரின் படித்துறைகளையும் ஒருசேரப் படித்த நூல் அது. அதிவீரராம பாண்டியரின் காசி காண்டத்தைத் தமிழில் அறிந்த நமக்கு, புராணம் கூறும் தலத்தை நிலத்தின்மீது வைத்துக் காட்டும் அவருடைய முறை பெரிதும் பயன்படுவது. எக் காட்டும் காசி பெரும்பாலும் யாத்திரிகரின் காசி. புண்ணியமும் வீடுபேறும் நாடி வருவோரின் காசி. அந்நகரிலேயே பிறந்து, உழைத்து, விலைவாசிக்கு வருந்தி வாழ்வோர், குறிப்பாகப் பட்டு நெய்யும் முசுலிம் நெசவாளர், நூலின் விளிம்பிலேயே நிற்கின்றனர். புனிதத்தலம் என்னும் நோக்கில் எழுதப்பட்ட நூலுக்கு இது இயல்பான எல்லை. அதனைக் காசி வாழ்வின் முழுச் சித்திரமாகக் கொண்டு கற்பிப்பதே பிழையாகும்.

நீதா குமாரின் 'காசியின் கைவினைஞர்' எனத் தமிழில் கூறத்தக்க நூல் 1988-இல் வெளிவந்தது. நெசவாளர், உலோக வேலை செய்வோர், மரவேலை செய்வோர் ஆகியோரே அதன் மாந்தர். அவர்தம் உழைப்பு நேரம், ஓய்வு, மல்யுத்தக் கூடம், இசை, ஆற்றின் அக்கரைக்குச் சென்று பொழுது கழிக்கும் வழக்கம் ஆகியவற்றைக் கூறிய பின்னரே ராம்லீலா முதலிய விழாக்களுக்கு ஆசிரியர் வருகிறார். அதனால் விழா வானத்தினின்று இறங்குவதாகத் தோன்றாமல், தெருவார் கூடித் தம் பொழுதையும் பொருளையும் ஈந்து உருவாக்குவதாகத் தோன்றுகிறது.

களப்பணியைப் பற்றி 1992-இல் அவர் வெளியிட்ட நினைவுநூல் நமக்கு மேலும் நெருக்கமானது. இந்தியரே ஆயினும் தாம் காசிக்கு அந்நியர் என்பதை அவர் மறைக்கவில்லை. கல்வியும் வகுப்பும் மொழிநடையும் அவரை அம்மக்களிடமிருந்து பிரித்தன. இந்திய வழித்தோன்றல்கள் என்பதனாலேயே இந்தியாவை எளிதில் அறிந்துவிடலாம் என்று நம்மிடையே நிலவும் எண்ணத்திற்கு இந்நூல் தக்க மறுமொழி. குருதி ஒரு நுழைவுச்சீட்டு அன்று. பழகுதலுக்குக் காலம் வேண்டும்.

மதுரை: மீண்டும் சென்றவரும் அங்கேயே அறிந்தவரும்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1976-77-இல் களப்பணி செய்த கிறிஸ்டோபர் ஃபுல்லர், அக்கோயிலின் பட்டர்களைப் பற்றிய நூலை 1984-இல் வெளியிட்டார். சித்திரைப் பெருவிழாவால் உலகறிந்த கோயிலை எடுத்துக்கொண்டு, விழாவைப் பின்னுக்குத் தள்ளி, பூசை செய்வோரின் முறை, வருவாய், கல்வி, அரசு நிருவாகத்தோடு அவர்க்கிருந்த பிணக்கு ஆகியவற்றை முன்வைத்தமை அந்நூலின் சிறப்பு. 1939-இல் நிகழ்ந்த ஆலய நுழைவுக்குப் பின்னர் அவர்தம் நிலையில் ஏற்பட்ட மாற்றங்களும் அதில் இடம்பெறுகின்றன. தன்னம்பிக்கை குன்றியோராகவே பட்டர்கள் அங்குக் காட்சியளிக்கின்றனர்.

ஃபுல்லர் அத்துடன் நிற்கவில்லை. மதுரைக்குப் பலமுறை மீண்டும் சென்றார். 2003-இல் வெளிவந்த அவருடைய அடுத்த நூல், ஆகமக் கல்வி பெற்ற இளைய தலைமுறையினரிடம் பட்டர் தொழில் புதிய மதிப்பும் ஊக்கமும் பெற்றிருந்ததைக் காட்டுகிறது. முதல் நூலின் முடிவை இரண்டாம் நூல் பெரிதும் மாற்றியமைக்கிறது. திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் மட்டும் கண்டு இம்மாற்றத்தை ஒருவர் அறிந்திருக்க இயலாது. கருவறையில் நிற்பவரின் இல்லத்தில் நிகழ்ந்த மாற்றம் அது. நெடுந்தங்கல் என்பதற்கு ஒரே முறை நீண்டு தங்குதல் என்பதோடு, திரும்பிச் செல்லுதல் என்னும் பொருளும் உண்டென்பதை இவ்விரு நூல்களும் உணர்த்துகின்றன.

இவற்றோடு வைத்துப் படிக்கத்தக்கது தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' (1989). அழகர் வையையில் இறங்கும் காட்சியைச் சைவ வைணவ ஒற்றுமையின் அடையாளமாகக் கூறி அமைவது மேடைப்பேச்சுகளின் வழக்கம். தொ.ப. அவ்வாறு அமையவில்லை. கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் ஆகியோர் ஒவ்வொருவரும் அக்கோயிலோடு கொண்டுள்ள உறவைத் தனித்தனியே ஆராய்கிறார். ஆற்றங்கரையில் ஒரே திரளாகத் தோன்றும் கூட்டம், அந்நூலைப் படித்தபின் பல்வேறு தொழிலும் வரலாறும் உடைய மக்களாகப் பிரிந்து தெரிகிறது. தங்கிக் கற்ற அயலார்க்கும் அந்நிலத்திலேயே அறிந்த தமிழறிஞர்க்கும் முறை ஒன்றே: விழாவிற்கு வருவோர் எங்கிருந்து, எத்தொழிலை விட்டு வருகின்றனர் என்று கேட்பது. தமிழிலுள்ள இத்தகைய நூல்களை ஆங்கில நூல்களுக்குத் துணையாக மட்டும் கொள்ளாது, அவற்றை அளக்கும் கருவியாகவும் கொள்ளுதல் வேண்டும்.

வீட்டினுள் அன்றாடம்

அன்றாடத்தையே பொருளாகக் கொண்ட நூலுக்கு மார்கரெட் டிராவிக்கின் தமிழ்க் குடும்பத்து அன்பு பற்றிய நூல் (1990) எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் ஒரு கூட்டுக்குடும்பத்தோடு வாழ்ந்து எழுதப்பட்டது அது. உணவிடுதல், குழந்தையை வளர்த்தல், கடிந்துகொள்ளுதல், மறைத்தல் ஆகிய சிறு செயல்களின் ஊடே அன்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை அவர் ஆராய்கிறார். அடக்கம், பழக்கம், பணிவு, எளிமை முதலிய தமிழ்ச்சொற்களையே கருத்துக் கருவிகளாகக் கொண்டமை பாராட்டத்தக்கது. அன்பு பழக்கத்தால் வளர்வது என்னும் கருத்து, வழிபாட்டை விளங்கிக்கொள்வதற்கும் உதவும். நாள்தோறும் ஏற்றும் விளக்கே ஒருவரைக் கார்த்திகைக்கு ஆயத்தப்படுத்துகிறது. ஒரு குடும்பத்தினின்று தமிழ்ப் பண்பாடு முழுமைக்கும் விரைந்து செல்வது இந்நூலின் குறை. அன்றாடத்தை மட்டும் நோக்குவோர்க்கும் இத்தகைய இடர் உண்டு.

ஒரு மறுப்பும் மறுமொழியும்

ஆண்டு முழுவதும் மறைந்திருப்பது திருவிழாவன்று வெளிப்படுகிறது. ஆதலின் விழாவே ஒரு சமூகத்தின் சுருக்கம் என்று மறுப்போர் உளர். இதில் உண்மை இல்லாமலில்லை. பரிவட்டம் யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு, தேர்வடத்தை யார் பிடிப்பது என்னும் வினாக்களில் ஊரின் அதிகாரம் வெளிப்படவே செய்கிறது. ஆனால் அவ்வெளிப்பாட்டைப் படிக்கும் எழுத்தறிவு விழாவில் கிட்டுவதன்று.

சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவித் தேரை நோக்குக. அத்தேரின் வடம் பிடிப்பதில் தலித் மக்களுக்குரிய உரிமை குறித்து எழுந்த பிணக்கு 1998 முதல் நீதிமன்றம் வரை சென்றது. பல்லாண்டுகள் ஓடாதிருந்த தேர் 2024 சூன் மாதத்தில் ஓடியது. அன்று மட்டும் அங்குச் சென்றவர் ஒரு தேரையும், திரளான மக்களையும், மிகுதியான காவலரையும் கண்டிருப்பார். அத்தேரோட்டத்தின் பொருளோ அது ஓடாத ஆண்டுகளில் உள்ளது. ஓடாத தேரைப் பற்றி எழுதுவதற்கு அங்குத் தங்கியிருந்தவராலேயே இயலும்.

முடிவுரை

நம் நாடுகளில் தீபாவளியும் தைப்பூசமும் பொதுவெளியில் ஓரினத்தின் முகமாக அமைந்துள்ளன. ஆதலின் விழாவைக் கொண்டு பண்பாட்டை அறியும் பழக்கம் நம்மிடம் இயல்பாகவே மிகுதி. நம் மாணவர் எழுதும் விழாக் கட்டுரைகள் புராணக்கதையில் தொடங்கி, புத்தாடையிலும் பலகாரத்திலும் முடிகின்றன. இந்தியாவுக்குக் கல்விப்பயணம் செல்வோரும் விழாக்காலத்தையே நாடுகின்றனர். இவ்வாறு அறியப்படும் இந்தியா எந்நாளும் விழாக்கோலம் பூண்டது. அங்குக் கூலி இல்லை, மறுநாள் இல்லை, தெருவைக் கூட்டுவோர் இல்லை.

மேற்கண்ட நூல்களினின்று மூன்று வினாக்களை ஆசிரியர்கள் வகுப்பறைக்கு எடுத்துச் செல்லலாம். விழாவுக்கு முந்தைய நாளும் பிந்தைய நாளும் அங்கு உழைப்போர் யார்? விழாவில் காணப்படாதோர் யார்? அடுத்த ஆண்டும் அதே விழாவைக் கண்டால், முதலாண்டில் எழுதியதில் எதை மாற்ற வேண்டியிருக்கும்? இவற்றிற்கு விடை தரும் நூலை மாணவர் கையில் கொடுப்போமாக. விடை தராத நூலையும் விலக்க வேண்டுவதில்லை; அதன் எல்லையைச் சுட்டிக் கொடுத்தலே போதும்.