வயலைத் தூர்க்கும் முன் போட வேண்டிய கணக்கு

தமிழக–கேரள எல்லையில் கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் சற்றுத் தொலைவில் பிளாச்சிமடை. அங்கே கோகோ கோலா ஆலைக்குப் பெருமாட்டி பஞ்சாயத்து 2000இல் அனுமதி தந்தது. 2004இல் ஆலை நின்றது. ஆலையால் விவசாயம், நீர், உடல்நலம், கூலி எல்லாம் சேர்த்து நட்டம் 216.26 கோடி ரூபாய் என்று கேரள அரசின் உயர்நிலைக் குழு 2010இல் சொன்னது. ஆலை வருமுன் போட வேண்டிய கணக்கு அது.

கொள்கைகளையும் முன்கூட்டியே எடைபோட வேண்டும் என்போருக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. நம் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை தனித்தனித் திட்டங்களைத்தான் சோதிக்கிறது. நிலத்தின் வகையையே மாற்றும் சட்டத்திருத்தத்துக்கு அப்படியொரு சோதனை கட்டாயமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் திட்டவரைவுகளுக்கே இதை 2001இல் விதியாக்கிவிட்டது.

கேரளத்தின் 2008 நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் குட்டநாட்டுக்கும், ஆளியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்து நடவு போடும் சித்தூர் வட்டத்துக்கும் ஒரே சட்டம். மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வரவேண்டும் என்பது பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தம். அது குறைந்த ஆண்டில் சித்தூரில் வயலைக் காப்பாற்றுவது சட்டமா, வாய்க்காலா?

வயலை வேறு வகை நிலமாக்கும் தரம் மாற்றக் கோரிக்கை வந்தால் நடப்பதைக் கவனிக்கலாம். வயல்களைப் பட்டியலிடும் ‘டேட்டா பேங்க்’ பதிவேட்டில் நிலம் தவறாக ஏறிவிட்டது என்று பாரம் 5 கொடுத்தால், 2008வாக்கில் எடுத்த செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கிறார்கள். அன்று தென்னை நின்றதா என்பதைப் படம் சொல்லும். துலா மழைத் தண்ணீர் அந்த இடத்தில் தேங்கி, பக்கத்துக் கிணற்றை நிரப்பியதா என்பதை எப்படிச் சொல்லும்? 2018 திருத்தம், பதிவேட்டில் ஏறாத வயலைக் கட்டணம் கட்டி மாற்ற வழிவிட்டது. பின்னர் சிறு துண்டுகளுக்குக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்தார்கள். ஒவ்வொரு துண்டும் அற்பம்தான். வாய்க்கால் ஓரம் முழுவதும் அப்படிப் போனால் என்ன ஆகும் என்று கேட்கும் மேசை எந்த அலுவலகத்திலும் இல்லை.

முன்மதிப்பீடு மட்டும் மருந்தாகிவிடாது. காட்கில் குழு 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் செய்தது அதைத்தான், உழைப்பும் பெரிது. ஆனால் தாலுகா தாலுகாவாக வண்ணம் தீட்டிய ஆங்கில அறிக்கை இடுக்கி விவசாயிக்கு வதந்தியாகத்தான் போய்ச் சேர்ந்தது. கிராமசபையைக் கேளுங்கள் என்று குழு சொன்னதைக் கேட்டவர் குறைவு. அந்த அறிக்கையை மறு ஆய்வு செய்த கஸ்தூரிரங்கன் குழுவின் சூழல் நுண்ணுணர்வுப் பகுதிப் பட்டியலில் கேரளத்தின் 123 கிராமங்கள் வந்ததும் 2013இல் ஹர்த்தால் வெடித்தது. அடுத்தடுத்த வரைவுகளில் பத்தாண்டு கழிந்தது.

இந்த இழுபறிதான் முறையின் பெரிய ஓட்டை என்பேன். மதிப்பீடு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே டிப்பரில் மண் வந்து இறங்கிவிடும். அதனால் கணக்குக்கு ஆறு மாதம் கெடு, அதுவரை தரம் மாற்றத்துக்குத் தடை, வரைபடம் கிராமசபையில் தமிழிலும் மலையாளத்திலும். இவை இல்லாத மதிப்பீட்டால் லாபம் டிப்பர்காரருக்குத்தான்.