13 வெற்றி, 0 தோல்வி, பிளேஆஃபில் இடமில்லை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை நான் ஆட்டத்துக்காகப் பார்க்க ஆரம்பிக்கவில்லை. அதில் ரேங்கிங் எப்படிப் போடுகிறார்கள் என்ற கேள்வியில்தான் உள்ளே விழுந்தேன். (தெரியாதவர்களுக்கு: இது உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது.) முதல் நிலைப் பிரிவில் 2025-இல் 136 அணிகள். சாம்பியன்ஷிப் ஆட்டங்களுக்கு முன்னால் ஒவ்வொரு அணியும் ஆடுவது 12 ஆட்டம்தான். எல்லாரும் எல்லாரோடும் மோத வழியே கிடையாது. பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அப்புறம் யார் மேலே, யார் கீழே என்று எப்படிச் சொல்வது?

2014 முதல் இதற்குப் பதில், ஒரு தேர்வுக் குழு. முன்னாள் பயிற்சியாளர்கள், கல்லூரி விளையாட்டு இயக்குநர்கள் என்று 13 பேர் அறைக்குள் உட்கார்ந்து பேசி, ஓட்டுப் போட்டுப் பட்டியலை வெளியிடுவார்கள்.

2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டம் ஆடி 13-உம் ஜெயித்தது. தன் கான்ஃபரன்ஸின் சாம்பியனும் அதுதான். ஆனால் நவம்பரில் அதன் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் முறிந்துவிட்டது. குழு அந்த அணியை 5-ஆம் இடத்தில் வைத்தது. பிளேஆஃப் அப்போது 4 அணிகளுக்கு மட்டும். ஒரு ஆட்டம் தோற்ற அலபாமாவுக்கு 4-ஆம் இடம். பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றின் தோற்காத சாம்பியன் வெளியே நின்றது அதுவே முதல் முறை.

குழு பொய் சொல்லவில்லை. முக்கிய வீரர் ஆட முடியாத நிலையையும் கணக்கில் எடுக்கலாம் என்று அவர்கள் விதிக்குறிப்பிலேயே இருக்கிறது. ஆனால் எவ்வளவு எடுக்கலாம்? ஒரு கால் முறிவு எத்தனை வெற்றிக்குச் சமம்? அது எங்கேயும் எழுதப்படவில்லை. என் மனக்குறை அங்கேதான்.

அந்த டிசம்பர் 30-இல் ஆரஞ்சு போலில் ஜார்ஜியா 63-3 என்று ஃப்ளோரிடா ஸ்டேட்டைப் புரட்டி எடுத்தது. "பாத்தீங்களா, குழு சொன்னது சரிதானே" என்று பலரும் சொன்னார்கள். இந்த வாதம் நிற்காது. பட்டம் கைவிட்டுப் போனபின் நடந்த ஆட்டம் அது. அந்த அணியின் முக்கிய வீரர்கள் பலர் இறங்கவே இல்லை. தேர்வு உண்டாக்கிய விளைவையே அந்தத் தேர்வுக்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

சரி, கம்ப்யூட்டரிடம் விட்டால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1998 முதல் 2013 வரை பிசிஎஸ் என்ற முறை. ஓட்டெடுப்புகளையும் கம்ப்யூட்டர் ரேங்கிங்குகளையும் கலந்து இறுதி ஆட்டத்துக்கு இரண்டு அணிகளை எடுப்பார்கள். 2003-இல் இரண்டு ஓட்டெடுப்பிலும் முதலிடத்தில் இருந்த யுஎஸ்சி வெளியே போனது. ஊரே திட்டியது. மறு வருடமே கம்ப்யூட்டரின் பங்கை மூன்றில் ஒன்றாகக் குறைத்தார்கள்.

அந்தக் காலத்துச் சம்பவங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது 2010-இல் நடந்தது. ஆறு கம்ப்யூட்டர் ரேங்கிங்குகளில் வெஸ் காலி என்பவருடையது மட்டும்தான் முழுக்கப் பொதுவில் இருந்தது. அந்த டிசம்பரில் அவர் தரவில், கீழ்ப் பிரிவின் ஒரே ஒரு ஆட்டத்தின் முடிவு விடுபட்டுவிட்டது. ஜெர்ரி பாம் என்ற ரேங்கிங் ஆர்வலர் தானே கணக்குப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். திருத்தியதும் 10-ஆம் இடத்து எல்எஸ்யூவும் 11-ஆம் இடத்து பாய்ஸி ஸ்டேட்டும் இடம் மாறின. பலர் இதை "கம்ப்யூட்டர் சொதப்பிடுச்சு" என்று படித்தார்கள். நான் தலைகீழாகப் படிக்கிறேன். திறந்து வைத்திருந்ததால்தான் பிழை சிக்கியது. மற்ற ஐந்திலும் பிழையே இல்லை என்று யாரால் சொல்ல முடிந்திருக்கும்?

குழுவின் தீர்ப்பில் அப்படிப் பிழை பிடிக்கவே முடியாது. சரிபார்க்க ஏதாவது இருந்தால்தானே!

2024-இல் பிளேஆஃபை 12 அணிகளாக்கினார்கள். சண்டை 5-ஆம் இடத்திலிருந்து அடுத்த வரிசைக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். 2025-இன் கடைசிக்கு முந்தைய பட்டியலில் நோட்டர் டேம் 10, பிஒய்யூ 11, மியாமி 12. கடைசி வாரம் நோட்டர் டேமும் ஆடவில்லை, மியாமியும் ஆடவில்லை. பிஒய்யூ மட்டும் டெக்சஸ் டெக்கிடம் 34-7 என்று தோற்றது. மறுநாள் மியாமி 10, நோட்டர் டேம் 11. மியாமி உள்ளே, நோட்டர் டேம் வெளியே! பிஒய்யூ நடுவிலிருந்து விலகியதால் இரண்டும் அருகருகே வந்தன, அதனால் நேருக்கு நேர் மோதிய முடிவைப் பார்த்தோம் என்பது விளக்கம். மியாமி 27-24 என்று ஜெயித்த அந்த ஆட்டம் நடந்தது ஆகஸ்ட் 31-இல். நவம்பர் முழுக்க அது எங்கே போயிருந்தது?

மியாமி போனது தப்பு என்று நான் சொல்லவில்லை. நேரில் ஜெயித்த அணி அது. ஆனால் ஒரு ஸார்ட்டிங் ஃபங்ஷனில் இரண்டு உருப்படிகளில் எது பெரிது என்று கேட்டால், மூன்றாவது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறக்கூடாது. என் டீமில் யாராவது அப்படிக் கோடு எழுதினால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

"சிறந்த அணியா, தகுதி பெற்ற அணியா" என்றுதான் இந்த விவாதம் எப்போதும் ஓடுகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: விதி எப்போது முடிவாகிறது, ஆட்டத்துக்கு முன்பா, பின்பா? கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் ஐந்து பேருக்கு ஏற்கெனவே நிச்சய இடம் உண்டு. மிச்சம் ஏழு இடத்துக்கு ஆகஸ்டிலேயே ஒரு சூத்திரத்தை, தரவோடும் கோடோடும் வெளியிடலாம். எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை அதே குழு உட்கார்ந்து முடிவு செய்யட்டும். சீசன் நடுவே மட்டும் கை வைக்கக்கூடாது.

இதற்கும் விலை உண்டு. சூத்திரத்துக்குக் கால் முறிவு தெரியாது. அடிபட்ட அணி உள்ளே போய் அசிங்கமாகத் தோற்கலாம். எதிரணிகளின் வலிமைக்கு அதிக மதிப்புக் கொடுத்திருந்தால், 2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் அப்போதும் வெளியே நின்றிருக்கலாம். ஆனால் 13 ஆட்டம் ஜெயித்த பசங்களுக்கு, அது ஏன் போதவில்லை என்று ஒரு எண்ணைக் காட்டிச் சொல்லியிருக்க முடியும். அந்த எண் தப்பென்றால், ஜெர்ரி பாம் மாதிரி யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டு அதையும் நிரூபித்திருக்கலாம்.