பயனாளி என்றொரு சொல்

2009இல் போர் முடிந்தபின் வன்னிப் பெண்களைப் பற்றி எழுதப்பட்ட திட்ட அறிக்கைகளைக் கவிதை வாசிக்கும் கவனத்தோடு வாசிக்கிறேன். கணவனை இழந்தவள் அங்கே 'பயனாளி'. அவள் வாங்கும் கடன் 'வலுவூட்டல்'. கிழமைத் தவணை கட்ட முடியாமல் அவள் ஒளிந்திருப்பதற்குச் சொல்லே இல்லை. குழுப் பிணையில் ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். வசூலிப்பவரின் வேலையை அயல்வீட்டுத் தோழியே செய்ய நேர்கிறது.

2018இல் ஒரு இலட்சம் ரூபாய் வரையான பெண்களின் நுண்நிதிக் கடன்களை அரசு தள்ளுபடி செய்ய முன்வந்தது, வறட்சி நிவாரணமாக. போர் பறித்ததை மழை பொய்த்த கணக்கில் எழுதினார்கள்.

பலருடைய காணி படையினரிடம் இருக்கையிலேயே கடன் வாசலுக்கு வந்துவிட்டது. காணியும் நிலையான கூலியும் இல்லாதவளுக்குக் கடன் கொடுத்துவிட்டு, அதைப் பொருளாதாரச் சுதந்திரம் என்பதை நான் ஏற்கமாட்டேன்.