இயற்கை வழியின் வலிமையும் எல்லையும்

உலா பாடிய புலவர்கள் மகளிர் பருவத்தைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாக வகுத்து, ஒவ்வொன்றிற்கும் வயதெல்லை கூறி, 40-ஆம் ஆண்டோடு அக்கணக்கை முடித்துக்கொண்டனர். அவர்கள் கணக்கை முடித்த இடத்திற்குச் சில ஆண்டுகள் அப்பால், பெரும்பாலும் 46, 47-ஆம் வயதையொட்டி, இந்தியப் பெண்ணின் சரீரத்தில் பூப்புக்கு நிகரான மற்றொரு பெரும் மாற்றம் நிகழ்கிறது. சூலகங்கள் தம் தொழிலை ஒடுக்கிக்கொள்ள, ஈஸ்ட்ரோஜன் சுரப்பு வீழ, மாதவிடாய் முறை தவறித் தவறி வந்து, தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தபின் நின்றுவிட்டதென்று மருத்துவர் முடிவு கூறுகின்றனர். அதன்பின் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஒரு பெண் வாழ்கிறாள். அந்நெடுங்காலத்து எலும்பின் உறுதியும் இதயத்தின் நலமும் மனத்தின் அமைதியும், இந்த மாறுதலின்போது அவள் எவ்வாறு பேணப்பட்டாள் என்பதைப் பெரிதும் பொறுத்தவை. ஆதலின், உணவாலும் ஒழுங்கான வாழ்க்கையாலும் மூலிகையாலும் இப்பருவத்தை எளிதிற் கடக்கலாம் என்று கூறப்படும் இயற்கை வழியை, அதன்பால் பக்தியும் இன்றிப் பகையும் இன்றிச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமான காரியம்.

இவ்வழியை நாடுவோரை அறியாமையுடையோர் என்று ஒதுக்குவது அநியாயம். அவர்களுடைய அச்சத்திற்குச் சரித்திரமே காரணம். சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், இயல்பான இப்பருவத்தையே ஒரு குறைபாட்டு நோயாகச் சித்திரித்து, வாழ்நாள் முழுதும் ஹார்மோன் உண்பதே பரிகாரம் என்று நூலெழுதினார். ஒன்பது ஆண்டுகளுக்குள், தனி ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சவ்விற் புற்றுநோயை மிகுவிக்கிறது என்னும் ஆய்வுகள் வெளிவந்தன. பின்னர் 2002-ல், 16,608 பெண்கள் பங்குகொண்ட விமென்ஸ் ஹெல்த் இனிஷியேடிவ் என்னும் பெரும் பரிசோதனையின் ஒரு பகுதி இடைநடுவில் நிறுத்தப்பட்டது. கூட்டு ஹார்மோன் உண்ட 10,000 பேரில் ஆண்டுக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாயினர் என்ற செய்தி உலகெங்கும் பரவி, பெண்களையும் மருத்துவரையும் ஒருங்கே திகைக்கச் செய்தது. அப்பரிசோதனையில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும், 60 வயதுக்குட்பட்ட, மாதவிடாய் நின்று பத்தாண்டு கடவாத, வேறு தடையில்லாத பெண்களுக்கு அச்சிகிச்சையின் நன்மை தீமையினும் மிகுதி என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் அச்சம் பரவிய வேகத்தில் தெளிவு பரவவில்லை. அந்த இடைவெளியிலேதான் மூலிகை வாணிகம் தழைத்தது.

இயற்கை வழியின் மெய்யான வலிமை அடுக்களையில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்த முதற் சில ஆண்டுகளில் எலும்பு விரைந்து தேய்கிறது; அக்காலத்தில் நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று நம் நாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் விதித்துள்ளனர். தீட்டிய வெள்ளரிசி 100 கிராமில் 10 மில்லிகிராம் கால்சியம் தேறுவதும் அரிது. அதே அளவு கேழ்வரகிலோ ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. முருங்கைக்கீரையும் எள்ளும் மோரும் இத்தகைய நட்புப் பொருள்களே. உளுந்தங்களியை எண்ணிப் பாருங்கள். கறுப்பு உளுந்தைத் தோலோடு வறுத்து, சிறிது பச்சரிசி கூட்டி மாவாக்கி, கருப்பட்டிப் பாகிற் கொட்டிக் கட்டி தட்டாமற் கிளறி, நல்லெண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றி, களி சட்டியின் ஓரத்தை விட்டுத் திரண்டு வருமளவும் கை ஓயாது நிற்கவேண்டும். வயதுக்கு வந்த மகளுக்கு 'இடுப்புக்கு வலு' என்று அதை ஊட்டும் தாய், தனக்கு மாதவிடாய் நிற்கும் நாளில் தனக்கென்று ஒருமுறையேனும் கிளறிக்கொள்வதில்லை. 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் உடைய அவ்வுளுந்து, தசை குறையத் தொடங்கும் அவளுக்கும் அன்று வேண்டிய பொருளே. ஆயினும் இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: கருப்பட்டியும் சர்க்கரையே ஆதலால், நீரிழிவு உடையவள் அதனை மருந்தென்று எண்ணி மிகுதியாக உண்ணலாகாது.

உணவுக்கு அடுத்தது உழைப்பு. 'வீட்டு வேலை செய்கிறாளே, அதுவே போதாதா?' என்று கேட்பாருண்டு. போதாது. நடை இதயத்திற்கு நன்மை செய்யும். எலும்போ தன்மேல் பாரம் ஏறினாலன்றி உறுதிப்படுவதில்லை. 2018-ல் வெளியான லிஃப்ட்மோர் என்னும் ஆஸ்திரேலிய ஆய்வில், எலும்பின் அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் வாரம் இருமுறை, முறைக்கு 30 நிமிடமாக, பயிற்றுநர் மேற்பார்வையிற் பளு தூக்கி, 8 மாதங்களில் முதுகெலும்பின் அடர்த்தியை உயர்த்திக்கொண்டனர். மூலிகைச் சீசா எதுவும் இதற்கு ஈடாகாது. ஆனால் எலும்புக்கு நன்மை செய்வது எல்லா உபாதைக்கும் நன்மை செய்யும் என்று கொள்வது பிழை. திடீரென மார்பிலிருந்து முகத்திற்கு ஏறும் கொதிப்பும், நள்ளிரவில் சேலையை நனைக்கும் வியர்வையும் உடற்பயிற்சியாலோ யோகத்தாலோ நிச்சயமாகத் தணியும் என்பதற்குப் போதிய பிரமாணம் இல்லையென்றே வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. உடல் எடையைக் குறைப்பதும், எண்ணங்களையும் நடத்தையையும் நெறிப்படுத்தும் மனச்சிகிச்சையும் அவ்வறிக்கையில் ஆதரவு பெற்றிருக்கின்றன.

மூலிகைகளிடம் வரும்போது இயற்கை வழி தளர்கிறது. தண்ணீர்விட்டான் கிழங்கு சித்த மருத்துவத்தில் மகளிர்க்குரிய மருந்தாக நெடுங்காலம் மதிக்கப்பட்டு வருவது. அதனைக்கொண்டு இப்பருவத்து உபாதைகளுக்குச் செய்த பரிசோதனைகளோ அளவிற் சிறியன, காலத்திற் குறுகியன. வெந்தயத்தில் டையோஸ்ஜெனின் என்னும் பொருள் இருப்பதால் அது உடலில் ஹார்மோனாக மாறும் என்பர்; அம்மாறுதல் ரசாயனச் சாலையில் நிகழுமேயன்றி மனித உடலில் நிகழாது. சோயாவிலுள்ள ஐசோஃப்ளேவோன்கள், மருந்தேதும் இல்லாத வெறுமாத்திரையோடு ஒப்பிட, கொதிப்பின் எண்ணிக்கையை ஐந்தில் ஒரு பங்களவு குறைத்தன என்று 2012-ல் ஒரு தொகுப்பாய்வு கண்டது. எனினும் ஆய்வுகளின் முடிவுகள் ஒத்திராமையால் மேற்கூறிய சங்கம் அவற்றையும் பரிந்துரைக்கவில்லை. மேனாட்டார் போற்றும் பிளாக் கோஹோஷ் வேருக்கும், 2006-ல் வெளியான கவனமான ஓர் அமெரிக்கப் பரிசோதனை, வெறுமாத்திரைக்கு மேற்பட்ட பயன் எதையும் காணவில்லை.

அங்ஙனமாயின், 'எனக்குக் கேட்டதே' என்று கூறும் ஆயிரமாயிரம் பெண்கள் பொய்யுரைக்கின்றார்களா? இல்லை. 2004-ல் வெளியான காக்ரேன் என்னும் ஆய்வுத் தொகுப்பின்படி, மருந்தென்று நம்பி வெறுமாத்திரை உண்டவர்களுக்கே கொதிப்பின் எண்ணிக்கை சராசரியாக 57.7 விழுக்காடு குறைந்தது. நம்பிக்கையும், ஒருவர் அக்கறையோடு கேட்கிறார் என்னும் ஆறுதலும், நாட்போக்கில் தானே தணியும் உபாதையின் இயல்பும் சேர்ந்து செய்யும் உபகாரம் அது. உபாதை தணிந்தது மெய். தணித்தது மூலிகைதான் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை.

பயனில்லாமை மட்டுமாயின் பொறுத்துக்கொள்ளலாம், ஆபத்தும் உண்டு. 2004-ல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பண்டங்களுள் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ கலந்திருக்கக் கண்டது. நம் நாட்டிலே, பழைய சாஸ்திர நூல்களிற் கண்ட முறைப்படி செய்த மருந்துக்குப் புதிய பரிசோதனை இன்றியே உரிமம் கிடைக்கிறது. மாதவிடாய்க் கோளாறுகளைத் தீர்ப்பதாகப் பண்டங்களை விளம்பரப்படுத்துவதை 1954-ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்திருந்தும், அத்தகைய விளம்பரங்கள் நாள்தோறும் நம் கண்ணில் படுகின்றன. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்ணொருத்தி, ஹார்மோன்போற் செயற்படும் மூலிகைச் சாரத்தை 'இயற்கைதானே' என்று மருத்துவரைக் கேளாமல் உண்பாளாயின், அந்தத் துணிவுக்கு விற்றவனும் பொறுப்பாளியே.

இவை அனைத்தினும் கொடிய குறை மௌனம். இரத்தப்போக்கு அளவு மீறிச் சோர்ந்து கிடக்கும் பெண்ணிடம், 'இந்த வயசுல அப்படித்தான் இருக்கும், நிக்கப் போற நேரத்துல கொஞ்சம் கூடத்தான் போகும்' என்று மூத்தோர் ஆறுதலாகவே கூறுவர். அவ்வாறுதல் சில சமயம் உயிரை வாங்கிவிடும். மாதவிடாய் நின்று ஓராண்டு சென்றபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் பரிசோதனை செய்தல் வேண்டும். அங்ஙனம் இரத்தம் காணும் பெண்களில் 100-க்கு 9 பேரளவில் கருப்பையின் உட்சவ்விற் புற்றுநோய் இருப்பதாகத் தொகுப்பாய்வு காட்டுகிறது. தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் மனச்சோர்வும் 'வயசுக் கோளாறு' என்னும் போர்வைக்குள் எளிதில் ஒளிந்துகொள்ளும். பிறப்புறுப்பு உலர்ந்து எரிவதையும், சிறுநீர் அடிக்கடி கடுப்பதையும் கணவனிடமும் கூற நாணிப் பல்லாண்டு சகிக்கும் பெண்கள் ஏராளம். அதற்கெனச் சிறிய அளவில் ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு என்பதையே அவர்களிடம் எவரும் சொல்வதில்லை.

இயற்கை வழியின் ஆதரவாளர் கூறும் ஒரு வாதத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்: இப்பருவம் நோயன்று. 1975-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக மார்ஷா ஃபிளின்ட் என்ற மானிடவியலார் ராஜபுத்திர மகளிர் 483 பேரை விசாரித்தபோது, பெரும்பாலோர் மாதவிடாயின் மாறுதலைத் தவிர வேறு துன்பம் கூறவில்லை. தீட்டும் முக்காடும் விலகி, ஆண்களோடு சமமாக அமர்ந்து பேசும் சுதந்திரம் அவர்களுக்கு அப்போது வாய்த்தது. மதிப்பு உயருமிடத்தில் வேதனை தணிகிறது என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். ஆனால் அந்த நியாயத்தையே திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது: மதிப்பும் ஓய்வும் அளிக்காத குடும்பம், 'இயற்கை' என்று உபதேசிப்பதற்கு என்ன உரிமை உடையது?

என் முடிவு இது. உணவும் உழைப்பும் உறக்கமும் எல்லாப் பெண்களுக்கும் அடிப்படையாகுக. மூலிகையை, மருத்துவரிடம் மறைக்காமல், பெரும் எதிர்பார்ப்பின்றிக் கொள்க. இரத்தப்போக்கையும் எலும்பின் தேய்வையும் பரிசோதனைக்கு உட்படுத்துக. உறக்கத்தையும் தொழிலையும் கெடுக்கும் கொதிப்புக்கு, தகுதியுடையவள் ஹார்மோன் சிகிச்சையை வெட்கமும் குற்றவுணர்ச்சியும் இன்றி ஏற்றுக்கொள்ளுக. கேழ்வரகு அரைப்பதற்கும் பளு தூக்கிப் பழகுவதற்கும் நேரம் வேண்டும். அந்நேரம் வானத்திலிருந்து விழாது. கணவனும் மக்களும் அடுக்களையில் ஒரு வேளையை ஏற்றுக்கொண்டு அவளுக்கு ஒரு மணி நேரத்தை விடுவித்தாலன்றி, இயற்கை வழி என்பது அவள் தலையில் ஏற்றிய மற்றொரு வேலையாகவே முடியும்.