இடுக்கும் தொந்தியும்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் இடுக்குப் பிள்ளையார் கோயில் வரும். கோயில் என்பது பெயருக்குத்தான். ஆள் நிமிர முடியாத ஒரு சிறு மண்டபம் அது. பின்பக்கம் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி ஊர்ந்து முன்பக்கமாக வெளியே வரவேண்டும். இடைக்காட்டுச் சித்தர் இங்கே யந்திரங்களைப் பதித்தார் என்பது ஐதீகம். இடுப்புவலி போகும், பிள்ளைவரம் கிடைக்கும், மறுபிறவி கிடையாது என்பார்கள்.

பௌர்ணமி இரவில் அங்கே அரைமணி நேரம் நின்று பாருங்கள். ஒல்லியானவர்கள் நுழைவதை யாரும் கவனிப்பதில்லை. பருத்த அம்மாள் ஒருவர் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தால் வரிசையே விழித்துக்கொள்ளும். "மூச்சை விட்டுட்டு வாங்கம்மா", "எவ்ளோ குண்டா இருந்தாலும் பிள்ளையார் விட்டுடுவாரு" என்று ஆளுக்கொரு யோசனை. தலை வெளியே தெரிந்ததும் கைதட்டல். அது அன்பா கேலியா என்றால், இரண்டும்தான். சத்தமில்லாமல் வரிசையைவிட்டு விலகுகிறவர்களும் உண்டு. போன் வந்ததுபோல நடித்து நானும் ஒருமுறை நழுவியிருக்கிறேன்.

இத்தனைக்கும் இடுக்கின் சொந்தக்காரருக்கே தொந்தி. சற்றுமுன் கும்பிட்டுவிட்டு வந்த குபேரனுக்கும் தொந்தி. தெய்வத்தின் வயிற்றைச் செல்வம் என்று வணங்கிய கண், இருபது நிமிடத்தில் பக்கத்து ஆளின் வயிற்றை அளக்க ஆரம்பித்துவிடுகிறது. ஒருவர் சிக்கிக்கொண்டால் குறை உடம்பிலா, வாசலிலா? பருமன் ஏற்பு இயக்கம் அறுபது ஆண்டுகளாகக் கேட்டுவருவது இதைத்தான்.

1967 ஜூனில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஐந்நூறு பேர் அளவில் கூடினார்கள். வானொலிக்காரர் ஸ்டீவ் போஸ்ட் அழைத்த கூட்டம். உணவுக் கட்டுப்பாட்டுப் புத்தகங்களையும், ஒல்லி அழகி ட்விகியின் படத்தையும் எரித்தார்கள். பாதி விளையாட்டுதான். அதே ஆண்டு லூ லவுடர்பாக் என்ற எழுத்தாளர், குண்டாக இருப்பதை ஆதரித்து ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். மனைவி பட்ட அவமானங்களால் புழுங்கிக்கொண்டிருந்த பில் ஃபேப்ரி என்ற பொறியாளர் அதைப் படித்தார். 1969இல் அவர் தொடங்கிய சங்கம்தான் இன்றுவரை தொடர்கிறது. அது உரிமைச் சங்கமா, பருத்த பெண்களை விரும்பும் ஆண்கள் துணை தேடும் மன்றமா என்ற குழப்பம் ஆரம்பத்தில் இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பெண்ணியவாதிகள் சிலர் அதிலிருந்து தனிக்குழுவாகப் பிரிந்து, 1973இல் விடுதலை அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். எடைக்குறைப்பு வணிகமே தங்கள் தனி எதிரி என்று அது வெளிப்படையாகச் சொன்னது. என் கணக்கில் இயக்கத்தின் நேர்மையான தருணம் அதுதான்.

வாசலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த இயக்கத்தின் பக்கமே நியாயம் இருக்கிறது. எடையைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1976இலேயே சட்டம் செய்தது. நியூயார்க் நகரம் 2023இல் செய்தது. நம் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைச் சொல்கிறது, உடம்பைச் சொல்லவில்லை. எடை கூடியதால் பறக்கும் பணியிலிருந்து விலக்கப்பட்ட விமானப் பணிப்பெண்கள் 2008இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். பஸ் இருக்கை, கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி என்று இடுக்குகள் ஊரெங்கும் உண்டு. காதுவலி என்று போனாலும் "முதல்ல வெயிட்டைக் குறைங்க" என்னும் டாக்டரும் ஓர் இடுக்குதான்.

தமிழ் சினிமாவோ உடம்பையே பெயராக்கியது. குண்டு கல்யாணம், ஓமக்குச்சி நரசிம்மன். நடனத்திலிருந்து நடிக்க வந்த பிந்து கோஷுக்கு எண்பதுகளில் கிடைத்த வேடங்களில் பெரும்பாலானவை அவர் உடம்பைக் காட்டிச் சிரிக்கவைப்பவை. நாமும் சிரித்தோம். 2025 மார்ச்சில், நெடுநாள் நோய்க்குப் பின் அவர் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில், 'அதர்ஸ்' படத்தின் செய்தியாளர் சந்திப்பில் நடிகை கௌரி கிஷனை வைத்து எழுந்த விவகாரம் நினைவிருக்கும். தன்னைத் தூக்கி நடித்த கதாநாயகனிடம் தன் எடையைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வியை கௌரி நேருக்கு நேர் எதிர்த்தார். திரையுலகம் திரண்டு கண்டித்தது. நல்லதே நடந்தது. ஆனாலும் ஓர் உறுத்தல்: உருவக்கேலி என்று நாடே பதறியது குண்டாக இல்லாத ஒரு நடிகைக்காக. உண்மையிலேயே பருத்தவர்களுக்கு அந்தப் பதற்றம் இன்னும் வந்து சேரவில்லை. மேலைநாட்டிலும் இதே கதைதான். இயக்கம் 'உடல் நேசம்' என்ற விளம்பர வாசகமாகச் சுருங்கியபோது, சற்றே பூசினாற்போல இருந்தவர்கள் மேடையேறினார்கள். மிகப் பருத்தவர்கள் கீழேயே நின்றார்கள்.

இயக்கம் சறுக்குவது வாசலை விட்டு வயிற்றுக்குள் வரும்போது. எடைக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று அதன் ஒரு பிரிவு பேசுகிறது. டயட் இருந்து இறங்கிய எடை பெரும்பாலும் திரும்பி ஏறிவிடுகிறது என்று அவர்கள் சொல்வது உண்மை. அதிலிருந்து எடை ஒரு பொருட்டே அல்ல என்று தாவுவதுதான் தவறு. அதுவும் நம்மிடம் அந்தத் தாவல் செல்லாது. 2004இல் லான்செட் இதழ் இரண்டு மருத்துவர்களின் படத்தை வெளியிட்டது: புனேயின் யாக்னிக், பிரிட்டனின் யட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒரே 22.3. உடம்புக் கொழுப்போ யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. ஒல்லிக்குள் ஒளிந்திருக்கும் தொந்தி நம்முடைய பரம்பரைச் சொத்து. தமிழகத்துப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையுள்ளவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. "இளைச்சுட்டியே, சாப்பிடறியா இல்லையா?" என்று பதறுகிற பாட்டிகளின் ஊரில் பருமனை ஏற்றுக்கொள்ளத் தனி இயக்கம் எதற்கு என்று கேட்கலாம். பாட்டி ஏற்றுக்கொண்டது பசி தெரிந்த காலத்துச் சதையை. அதே பாட்டிதான் பேத்திக்கு வரன் பார்க்கும்போது, "கொஞ்சம் உடம்பு போட்டுட்டா" என்று குரலைத் தாழ்த்துகிறாள்.

2025இல் மௌஞ்சாரோ, வெகோவி ஊசிகள் இந்தியாவுக்கு வந்துவிட்டன. எடையை நிஜமாகவே இறக்கும் மருந்து வந்தபின் இயக்கத்தின் பாதி வாதம் ஆட்டம் காண்கிறது. மறுபாதிக்கு வலு கூடுகிறது. ஊசிக்குக் காசுள்ளவர் இளைத்துவிடுவார். முடியாதவரைப் பார்த்து, "மருந்துதான் வந்துடுச்சே, இன்னும் ஏன் இப்படி?" என்று கேட்கப் புதிதாக ஒரு வாய் முளைக்கும்.

அடுத்த பௌர்ணமிக்கு நுழைந்து பார்க்கலாமா என்று மண்டபத்துக்கு எதிரே டீ விற்பவரிடம் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "தாராளமா போலாம் சார். ஆனா பௌர்ணமில வேணாம். சும்மா நாள்ல, விடியக்காலம் மூணு மணிக்கு வாங்க. பார்க்க ஆளிருக்காது" என்றார்.