'வீட்டுக்குத் தெரியுமா?'

சட்டமும் ஒரு பிரதிதான். 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை அப்படி வாசித்துப் பார்க்கலாம். கருத்தடை தோற்றுக் கருவுற்றால் வரும் மனவேதனை அதில் ஒருத்திக்கு மட்டுமே உண்டு: மணமான பெண். கூடவே அவள் கணவன். நோக்கமும் ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டிருந்தது: பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது. மணமாகாதவள் கலைக்கக்கூடாதென்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் இந்த வாக்கியத்தில் அவள் இல்லை.

2021 திருத்தம் இதை 'எந்தப் பெண்ணும்' என்றும் 'துணைவர்' என்றும் மாற்றியது. 20 முதல் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பில் மணமாகாதவரை ஒதுக்கக்கூடாதென்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதினெட்டு வயது நிரம்பியவளுக்கு, மனநலம் குன்றிய நிலை தவிர, அவள் சம்மதம் மட்டும் போதும். அவள் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டுவரை சிறை கிடைக்கலாம். பிரதி திருந்திவிட்டது. வாசிப்பவர்கள்?

விடுதியில் இருந்த காலத்தில் தோழி ஒருத்தியோடு வளாக மருத்துவ மையத்துக்குப் போயிருக்கிறேன். காய்ச்சல் மாத்திரையை எடுத்து நீட்டுகிற கை, 'நாள் தள்ளிப்போச்சு' என்றதும் நின்றுவிட்டது. எத்தனை வாரம் என்று கேட்கவில்லை. 'கல்யாணம் ஆயிடுச்சாம்மா?' என்று கேட்டார்கள். அடுத்து, 'வீட்டுக்குத் தெரியுமா?' திரும்பி வந்தோம். ஆளாளுக்குக் கடன் வாங்கி, ஊருக்கு வெளியே தனியார் கிளினிக் ஒன்றைத் தேடுவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. மூன்றாம் நாள் அவள் உதிரப்போக்கோடு தேர்வெழுதினாள். லீவ் எடுக்கலாம்தான். ஆனால் படிவத்தில் காரணம் எழுத வேண்டும், வார்டன் அப்பாவுக்குப் போன் போடுவார்.

அந்தக் கேள்வி அக்கறைபோலத்தான் ஒலிக்கிறது. ஆனால் அதில் மருத்துவம் எதுவுமில்லை. சட்டம் 'எந்தப் பெண்ணும்' என்று எழுதியதை அது அழித்து, 'யாரோ ஒருவரின் மகள்' என்று திருப்பி எழுதுகிறது. மறுக்கவேண்டிய தேவைகூட இல்லை, காக்க வைத்தால் போதும். மாத்திரையால் கலைக்க இங்கே ஒன்பது வாரம்வரைதான் அனுமதி. ஒவ்வொரு கேள்வியும் ஒரு நாளைத் தின்கிறது. அதிகாரம் இங்கே தடையாக வருவதில்லை, தாமதமாக வருகிறது.

மாணவர் அமைப்புத் தோழர்களையும் கேட்கவேண்டியிருக்கிறது. மெஸ் கட்டணத்துக்கு நோட்டீஸ் அடித்தோம். இதற்கு? 'தனிப்பட்ட விஷயம் தோழர்' என்றார்கள். விடுதியும் இதையேதான் சொல்கிறது. பேசாதவரைக்கும் இரண்டு பேருக்கும் வசதி.

இதை வளாகத்தின் பொறுப்பாக்க முடியாதென்றில்லை. கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் 2023 முதல் தங்கள் மாணவர் மருத்துவ மையங்களிலேயே கருக்கலைப்பு மாத்திரை தரவேண்டுமென்று 2019இல் அங்கே சட்டம் இயற்றினார்கள். நாம் அவ்வளவு கேட்கவில்லை. அங்கீகாரம் பெற்ற மருத்துவர்களின் பட்டியல் ஒன்று சுவரில் ஒட்டப்படட்டும். காரணம் எழுதாமல் மூன்று நாள் லீவ் கிடைக்கட்டும். 'எத்தனை வாரம்?' என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை.